காற்றலையில் ஒரு கண்டிப்பு

நம் வீட்டு வானொலிப் பெட்டி பேசும், நாம் கேட்போம். நாம் பதில் சொன்னால் அதற்குக் கேட்காது. ஆனால் கேட்கவும் பேசவும் கூடிய வானொலியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத மனிதர்களோடு உறவாடும் கூட்டமொன்று நம் நாட்டில் இருக்கிறது என்பது வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெச்சூர் வானொலி என்பது அந்தப் பொழுதுபோக்கின் பெயர். 'ஹாம்' என்று செல்லமாகச் சொல்வார்கள். இவர்களுக்கான சங்கம் மலாயாவில் 1952-லேயே தோன்றிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது பழைய மாணவன் ஒருவனால். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் நான் படித்துக் கொடுத்த காலத்தில், வகுப்பில் டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு என்னிடம் அடி வாங்கியவன். அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனைதான். அவன் குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. பகலில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பான், இரவில் படிப்பான். தேர்வெழுதித் தேறி, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உரிமமும் வாங்கிவிட்டான். "டீச்சர், எனக்குப் புதுப் பேர் கிடைச்சிருக்குங்க" என்று ஓடி வந்தான்.

புதுப்பெயர் என்றது அழைப்புக் குறியை. விடுதலைக்கு முன் மலாயாவுக்கு வி.எஸ்.2; பின்னர் தீபகற்பத்தில் 9எம்2, 9டபிள்யூ2 என்றெல்லாம் தொடங்கும் குறிகள் வந்தன. பேசுகிறவர் தம் குறியைச் சொல்லியே ஆக வேண்டும். வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. இவை சட்டம். சட்டத்தில் இல்லாத மரியாதைகளும் உண்டு. பேசுமுன் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்காமல் சற்று இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிதான் நம் பையனுக்கு வினையாக வந்தது.

முதல் நாள் இரவு. இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிறுத்தியதுமே இவன் ஆசையில் உள்ளே புகுந்துவிட்டான். பதற்றத்தில் குறியையும் சொல்லவில்லை. "விதி தெரியாதவன் எதற்கு மைக்கைப் பிடிக்கிறாய்? உரிமம் இருக்கிறதா உனக்கு?" என்று மலாயில் ஒரு அதட்டல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ! இவன் பதில் சொல்லாமல் பெட்டியை அணைத்தான். அது எட்டு மாதம் துணி அலமாரியில் கிடந்தது. ஆயிரக்கணக்கான வெள்ளி இல்லையென்றாலும், அவன் சம்பளத்துக்கு அது சின்னக் காசு அல்ல.

தப்பு அவனுடையதுதானே என்பீர்கள். ஆமாம். ஆனால் அதட்டியவரால் ஒழுங்கு வந்ததா? அரிதான இடத்திலிருந்து ஒருவர் பேசினால் உலகமே அவரை அழைக்கும். அவர் ஓர் அலைவரிசையில் பேசி, சற்றுத் தள்ளி இன்னொன்றில் கேட்பார். தெரியாத ஒருவன் அவர் பேசும் இடத்திலேயே அழைத்துவிட்டால், "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று பத்துப் பேர் அங்கேயே கத்துவார்கள். தவறியவன் ஒரு முறை அழைத்து ஓய்ந்திருப்பான். திருத்த வந்தவர்கள் போடும் கூச்சலில்தான் தூரத்துக் குரல் மூழ்கிப்போகும். இவர்களுக்குக் 'காற்றலைப் போலீஸ்' என்று ஹாம்களே கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே இடையூறு செய்பவனுக்குப் பதிலே பேசாதே என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் சொல்லும் பாடம்.

1914-இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் வேறு வழி கண்டது. பல பத்தாண்டுகள் அதன் தொண்டர்கள் காற்றலையைக் கவனித்து, தவறியவருக்கு அஞ்சலட்டை போடுவார்கள். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன குறை. அவ்வளவுதான். அபராதம் கிடையாது, ஊரறிய ஏச்சும் கிடையாது. நன்றாகப் பேசியவருக்குப் பாராட்டு அட்டையும் உண்டு! அதைப் படித்தபோது எனக்கு அந்த டார்ச் லைட் நினைவுக்கு வந்தது. நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அல்லவா அடித்தேன்!

எட்டாம் மாதம் ஒரு மலாய்ப் பெரியவர் அவன் கடைக்கு வந்தார். அன்றிரவு கேட்டுக்கொண்டிருந்தவராம், விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். கோப்பிக் கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: "அந்த இடைவெளி நமக்காக இல்லை, தம்பி. மலையில் வழி தவறியவன், சாலையில் அடிபட்டவன், அவன் கூப்பிட்டால் கேட்பதற்காக."

வெறும் பேச்சில்லை அது. 2004 டிசம்பரில் இந்திய ஹாம் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில், அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. நான் சொன்ன அரிதான இடங்களில் அதுவும் ஒன்று, அழைப்புகள் குவிந்தன. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தொலைபேசி அறுந்த தீவுகளின் செய்திகளை அவர்கள் வெளியே அனுப்பினார்கள். காற்றலை ஒழிந்திருந்தால்தானே அப்படி ஒரு குரல் கேட்கும்? இதை அதட்டியவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

அன்றே பெட்டி அலமாரியை விட்டு இறங்கியது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு புதுக் குரல், இளசு, குறியில்லாமல் நடுவில் புகுந்தது. இவன் மைக்கை எடுத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன் குறியை நிதானமாக ஒரு முறை சொன்னான். பிறகு, "வாருங்கள், உங்கள் குறி என்ன?" என்று மலாயில் கேட்டுவிட்டு, பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தான்.