ஓராண்டும் ஒரு மாதமும்

இரயில் ஓடாத ஊரில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று தாயகத்திலிருந்து வரும் அன்பர்கள் நம்மைக் கேட்டு நகைப்பதுண்டு. வேலை இல்லாமலில்லை. கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் தீவுவாசி, அங்கிருந்து இராமநாதபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ வண்டி பிடிக்க வேண்டுமன்றோ? அவ்வண்டிக்கான முன்பதிவுச் சீட்டு இங்கேயே வழங்கப்படுகிறது. சீட்டு வாங்க வருவோருள் பலருக்குப் படிவம் நிரப்ப வராது. நாம் நிரப்பிக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தினாலேயே ஷாதிபூரில் எழுத்து வேலை எதுவாயினும் மாலையில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிடும். தீவினர் அடையாள அட்டைக்கு மனு, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்று என எழுதிக் கொடுத்தவை எத்தனையோ. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆயினும் கையெழுத்து திருத்தமாயிருக்கும்.

எழுத வேண்டிய காலத்தில் எழுதாமல் விட்ட மனுவும் ஒன்று உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்து இரவு. இராமநாதபுரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் மனைவி, கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றார். அவருடைய கணவர் ஒரு கட்டடத்தில் டைல்ஸ் பதிக்கும் வேலை பார்த்து வந்தார். அங்கே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமற் போயிற்றாம். ஐயத்தின் பேரில் அவரைக் காவலர் அழைத்துச் சென்றனர். “நேத்துச் சாயந்தரம் கூட்டிட்டுப் போனாகண்ணே. எங்க வச்சிருக்காகன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக” என்று அவர் சொன்னபோது, நாம் சொன்ன மறுமொழி இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. “காலையில் விட்டுவிடுவார்கள், போய்த் தூங்கம்மா” என்றோம்.

காலையில் விடவில்லை. மறுநாள் காலையிலே விட்டார்கள். மூன்று இரவுகள் உள்ளே இருந்தவருக்குக் கைதுக் குறிப்பு இல்லை, வழக்கு இல்லை, நடுவர் முன் நிறுத்தவும் இல்லை. இடது மணிக்கட்டு மட்டும் முறிந்திருந்தது. கம்பிச் சுருள் பிறகு வேறோர் அறையில் மணல் மூட்டைகளுக்குப் பின்னே கிடைத்ததாகக் கேள்வி.

மனு எழுதலாமா என்று அவரே கேட்டார். நாமோ, “உமக்குத் தீவினர் அட்டை இன்னும் வரவில்லை. சான்று பார்க்க இதே காவலர்தாம் வருவார்கள். பகைத்துக்கொள்ள வேண்டாம்” என்றோம். அறிவுரை என்று நினைத்துத்தான் சொன்னோம். அது அச்சம் என்பது பின்னரே விளங்கிற்று. மேஸ்திரியும் அதையே சொன்னார். கொத்தனார் ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு, அடுத்த தை மாதம் திரும்பி வந்தார். மணிக்கட்டு மடங்கவில்லை. வலக்கையால் கரணை பிடிக்கலாம். ஆனால் கல்லைத் தாங்கிச் சமன் பார்க்க இடக்கை வேண்டுமே! அப்போதுதான் நமக்கு மனம் உறுத்தி, இரண்டு இரவு அமர்ந்து, தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சில வாரங்களில் மறுமொழி வந்தது. நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கடந்துவிட்டமையால், சட்டத்தின்படி அதனை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள இயலாது என்பது அதன் சாரம்.

பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் பிந்தினால் சீட்டு இல்லை என்று பிறருக்கு நாள்தோறும் சொல்லும் எழுத்தருக்கு இந்தக் கணக்குத் தெரியாமற் போயிற்று.

ஆணையத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. 1993 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 36 ஆம் பிரிவில், நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு கழிந்தவற்றை ஆணையம் விசாரிக்கலாகாது என்று தெளிவாகவே விதித்திருக்கிறது. அச்சட்டத்தை வரவழைத்து அகராதியின் துணையோடு படித்தோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியவற்றை இங்கே தருகிறோம்.

ஆணையம் 1993 அக்டோபர் 12 ஆம் நாள் புது தில்லியில் அமைந்தது. மாநிலங்கள் தத்தமக்கென ஆணையம் அமைத்துக்கொள்ளவும் சட்டம் வழி செய்தது. தமிழ்நாட்டில் 1997 முதல் மாநில ஆணையம் சென்னையிலிருந்து பணியாற்றி வருகிறது. நம் தீவுகள் மாநிலமல்ல, யூனியன் பிரதேசம். ஆதலின் இங்கே தனி ஆணையம் கிடையாது. யூனியன் பிரதேசங்களின் மனித உரிமைப் பணியை ஒரு மாநில ஆணையத்திடம் ஒப்படைக்க மத்திய அரசுக்கு 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் அதிகாரம் அளித்தது. எனினும் தேசிய ஆணையத்தின் கதவு அதனால் அடைபடவில்லை. அக்கதவை நாம் தபால் வழியாகவே தட்டலாம்.

கட்டணம் இல்லை; முத்திரைத்தாள் இல்லை; வழக்குரைஞர் வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரே எழுதலாம், அவர் பொருட்டு மனைவியோ, அண்டை வீட்டாரோ, நம் சங்கம் போன்ற அமைப்போ எழுதலாம். எல்லாவற்றினும் நமக்கு வியப்பளித்த செய்தி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எம்மொழியிலும் மனு எழுதலாம் என்பது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளதன்றோ? இது தெரியாமல் அந்த இரண்டு இரவும் ஆங்கிலச் சொற்களைத் தேடித் திண்டாடினோம். கொத்தனார் வாயால் சொன்னதை அப்படியே தமிழில் எழுதியிருந்தால், ஒரே மணி நேரத்தில், முந்தைய மார்கழியிலேயே முடிந்திருக்கும். 2024 டிசம்பரில் ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன், சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர் என்பதையும் நம்மவர் அறிந்திருப்பது நன்று. தலைவர் தமிழர் என்பதனால் தமிழ் மனுவுக்குத் தனிச் சலுகை உண்டென்று பொருளல்ல. தமிழில் எழுதக் கூச வேண்டாம் என்பதற்காகவே சொன்னோம்.

ஆணையம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். பொதுப்பணியாளர் ஒருவர் உரிமையை மீறினாலோ, மீறலைத் தடுக்கத் தவறினாலோதான் அது தலையிடும். காணி வழக்கு, பங்காளிச் சண்டை, ஊதிய உயர்வு, பணிமாற்றம் ஆகியவை அதன் வரம்புக்குள் வாரா. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கையும் அது எடுப்பதில்லை. பெயரில்லாக் கடிதம் குப்பைக் கூடைக்கே போகும். இராணுவத்தினர் மீதான புகாரில் அது தானே விசாரிக்க இயலாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பெற்றுப் பரிந்துரைக்க மட்டுமே இயலும்.

நம் தீவின் தினக்கூலித் தொழிலாளர் வழக்கை இங்கே நினைவுகூரலாம். உரிய ஊதியம் கேட்டு அவர்கள் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிராமல், போர்ட் பிளேரில் கூடும் கல்கத்தா உயர்நீதிமன்ற அமர்வை நாடினர். ஆணை நிறைவேற்றப்படவில்லை என்று கண்ட அமர்வு, 2023 ஆகஸ்டில் தலைமைச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் 5 இலட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. மறுநாளே உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது என்பது வேறு. கூலி வழக்குக்குப் போக வேண்டிய இடம் எது என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்தனர். வழக்காடப் பொருளில்லாதவர், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானத்தைப் பாராமலே அங்கே இலவச உதவி உண்டு.

வேற்றூரில் பிழைக்கப் போனவனுக்கு ஆணையம் என்ன செய்திருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். 2015 ஏப்ரல் 7 ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்புறத்துக் கூலிகள். தப்பிப் பிழைத்தோர் தில்லி சென்று ஆணையத்தின் முன் நிகழ்ந்ததைக் கூறினர். அவர்களுக்குப் பாதுகாப்பளிக்குமாறு ஆணையம் பணித்தது; இறந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 5 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கவும் பரிந்துரைத்தது. காட்டில் கூலிக்குப் போனவர்களின் மனைவிமார் பேச்சையும் கேட்க ஒரு மன்றம் இருந்தது.

விரைவு மட்டும் எதிர்பார்க்கலாகாது. வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய இரு மாநில எல்லைச் சிற்றூர்களில் அதிரடிப்படையினர் மக்களைச் சித்திரவதை செய்தனர் என்ற புகார்களை ஆராய, 1999 இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் வழங்கப் பரிந்துரை வந்தது 2007 ஜனவரியில். குழு அமைந்ததிலிருந்தே ஏழு ஆண்டுகளுக்கு மேல்! இடையில் எத்தனை முதியோர் கண்மூடியிருப்பர்?

பரிந்துரை என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம். அவ்வகையில் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. முடிவில் அது தண்டிப்பதில்லை; அரசுக்குப் பரிந்துரைக்கும். அரசு ஒரு மாதத்துக்குள் தான் செய்ததைத் தெரிவிக்க வேண்டும். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நம்மைப் போன்றோருக்கு அது ஆறுதலான தீர்ப்பு. மறுபுறம், காவலர் மீதான புகாரைக் காவல்துறையிலிருந்து வந்த அதிகாரிகளே ஆணையத்தில் புலனாய்வு செய்கின்றனர் என்ற குறை உலக அரங்கிலும் எழுந்தது. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக மனித உரிமை நிறுவனங்களின் கூட்டமைப்பு நம் ஆணையத்தின் தகுதியை உறுதி செய்வதை ஒத்திவைத்தது. இவ்வளவும் தெரிந்தே நாம் எழுதச் சொல்கிறோம். எழுதினால் நாளிட்ட கோப்பு ஒன்று உண்டாகிறது. பதில் சொல்ல வேண்டிய அதிகாரி ஒருவர் உண்டாகிறார். எழுதாவிட்டால் கொத்தனாரின் மணிக்கட்டைத் தவிர வேறு சான்று இல்லை.

குடிபெயர்ந்தோருக்கென்று இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களை அங்கிருந்து துரத்த முயன்றபோது, தேசிய ஆணையமே அவர்களுக்காக உச்சநீதிமன்றம் சென்றது. உயிர்வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமன்று, இம்மண்ணில் உள்ள ஒவ்வொருவருக்கும் உரியது என்று 1996 ஜனவரியில் நீதிமன்றம் கூறிற்று. தீவினர் அட்டை வரவில்லை என்பதைக் காட்டி நாம் கொத்தனாரை வாய்மூட வைத்தோமே, அந்தப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை. குடியுரிமையே ஐயத்திலிருந்தவர்களுக்காக வாதாடிய ஆணையம், ஓர் அட்டை இல்லை என்பதற்காக இந்நாட்டுக் குடிமகனைத் திருப்பி அனுப்புமா?

மனுவில் அழகு நடை தேவையில்லை. யார், எந்த நாள், எந்த வேளை, எந்த இடம், யாரால், என்ன நேர்ந்தது, கண்டவர் யார், இவ்வளவே. காயமிருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று புறநோயாளர் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நம் கொத்தனார் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டதால் அச்சீட்டும் அவரிடம் இல்லை. எவரையேனும் காவலர் அழைத்துச் சென்றால், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி ஒப்பம் பெறவும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவும் வேண்டும் என்பது 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளை. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22 ஆம் பிரிவு. அந்த அம்மையார் நம் வாசலில் நின்ற இரவு, அந்த 24 மணி நேரம் முடிந்துபோயிருந்தது. அவரைத் தூங்கச் சொன்னோம்!

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்தப் போர்ட் பிளேர் நகரில்தான் செல்லுலர் சிறை நிற்கிறது. நல்லுணவும், விளக்கும், படிக்க நூலும் கேட்டு 1933 மே மாதத்தில் அங்கே உண்ணாநோன்பிருந்தோருள் மூவர், வலிந்து உணவு புகட்டப்பட்டதன் விளைவாக உயிர் துறந்தனர். அவர்களுடைய முறையீட்டைச் சிறை அதிகாரிக்கு அப்பால் கொண்டு செல்ல அன்று வழியேது? ஞாயிறுதோறும் நம் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கட்டடத்தைச் சுற்றி வருகிறோம்.

கொத்தனார் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது. அவர்களுக்கான இராமேசுவரம் வண்டிச் சீட்டை நம் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். அவர் அங்கே பெட்டிக்கடை வைத்திருப்பதாகச் சென்ற பொங்கலுக்குக் கடிதம் வந்தது.

மனு அனுப்ப வேண்டிய முகவரி: தேசிய மனித உரிமைகள் ஆணையம், மானவ் அதிகார் பவன், சி பிளாக், ஜி.பி.ஓ. வளாகம், ஐ.என்.ஏ., புது தில்லி. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14433. ஞாயிறு மாலை நாலு மணி முதல் ஆறு மணி வரை சங்க வாசகசாலையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போம். வருவோர் நிகழ்ச்சி நடந்த நாளைக் குறித்துக்கொண்டு வருக.