ஏர் பிடியாதார் வாழும் கமத்து வீடு

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களைச் சூழ்ந்துள்ள புதிய குடியிருப்புக்களிலே விந்தையான ஒரு வகை வீட்டைக் காணலாம். அதன் வாசலிலே தகரப் பாற்குடம் ஒன்று நிற்கும். ஆனால் அவ்வீட்டில் மாடு இல்லை. சமையலறைச் சுவரிலே "புதிய முட்டை விற்கப்படும்" என்று எழுதிய பலகை தொங்கும், கோழியும் இல்லை. கூடத்தின் நடுவே வண்டிச் சில்லொன்று விளக்குகளைத் தாங்கித் தொங்கும். வண்டியோ குதிரையோ அந்தத் தெருவிற்கே வந்ததில்லை. வீட்டுத் தலைவர் வங்கியிலோ காப்புறுதிக் கந்தோரிலோ பணிபுரிபவராக இருப்பார். முற்றத்துப் புல்லை வெட்டுவதற்கும் கூலிக்கு ஆள் வைத்திருப்பார். ஆயினும் அவருடைய இல்லத்திற்கு வழங்கும் பெயர் 'ஃபாம் ஹவுஸ்', அதாவது கமத்து வீடு.

இந்தப் பாணி நாடெங்கும் பரவுவதற்குத் தொலைக்காட்சி பெரிதும் துணைசெய்தது. டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரைச் சேர்ந்த சிப் கேயின்ஸ், ஜோவானா கேயின்ஸ் என்னும் தம்பதியர் பழைய வீடுகளைத் திருத்திப் புதுக்கும் நிகழ்ச்சி ஒன்று 2013ஆம் ஆண்டு தொடங்கி 2018 வரை ஒளிபரப்பாயிற்று. 'ஃபிக்ஸர் அப்பர்' என்பது அதன் பெயர். பருத்திவிதை எண்ணெய் ஆலையொன்றுக்கு உரியனவாயிருந்து துருப்பிடித்து நின்ற இரண்டு பெருங்குதிர்களின் அடியிலே அவர்கள் 2015இற் பெரிய அங்காடியொன்றைத் திறந்தனர். வெகுதூரத்திலிருந்தும் மக்கள் அங்கே வந்து குவிந்தனர். அவர்கள் பழுதடைந்த பல வீடுகளுக்கு உயிர் கொடுத்தமை பாராட்டுக்குரியதே. ஆனால் எந்த நல்ல வழக்கமும் அளவு கடந்தால் வேடிக்கையாகிவிடும். கமத்து வீட்டுப் பாணிக்கும் அதுவே நேர்ந்தது.

வீட்டினுள்ளே நுழைந்து முதலிற் சுவரைப் பார்ப்போம். அங்கே 'ஷிப்லாப்' என்னும் பலகைகள் குறுக்காக அடிக்கப்பட்டு வெள்ளை பூசப்பட்டிருக்கும். கப்பல் வேலையின் பெயரைத் தாங்கிய இப்பலகையின் விளிம்பு பாதித் தடிப்புக்குச் செதுக்கப்பட்டிருக்கும். ஒரு பலகையின் விளிம்பு மற்றதன் விளிம்பின்மேற் படிந்து கிடப்பதால் மழைநீரும் காற்றும் எளிதில் உட்புகா. ஆகவே கொட்டில்களுக்கும் களஞ்சியங்களுக்கும் இது மலிவான நல்ல மறைப்பு. டெக்சாஸின் பழைய வீடுகளிலும் மரச்சட்டத்தின்மேல் இப்பலகையை அடித்தனர். ஆனால் அதை வெறுமையாக விட்டுவைக்க எந்த இல்லத்தரசியும் விரும்பினாளில்லை. பலகையின்மேல் மெல்லிய துணியை இழுத்து ஆணியடித்து, அதன்மேற் பூப்போட்ட கடதாசியை ஒட்டினாள். பலகை வெளியே தெரிந்தால் கடதாசி வாங்கவும் வகையில்லாத வீடு என்று ஊரார் எண்ணுவர் அன்றோ? இன்று அவளுடைய பேரப்பிள்ளைகள் கடதாசியைக் கிழித்து, துணியை உரித்து, பலகை வெளிப்பட்டவுடன் ஆனந்தக் கூத்தாடுகின்றனர். பலகை இல்லாத வீட்டுக்காரர் வழவழப்பான நல்ல சுவரின்மேற் புதுப்பலகை வாங்கி அடிக்கின்றனர். பாட்டி மறைக்கச் செலவிட்ட பணத்தைப் பார்க்கிலும் பேர்த்தி காட்டச் செலவிடும் பணம் பன்மடங்கு அதிகம்.

அடுத்தது கதவு. வைக்கோலும் விலங்குகளும் இருக்கும் கொட்டிலின் வாயில், வண்டி உள்ளே செல்லுமளவுக்கு அகன்றது. அவ்வளவு பெரிய கதவைக் கீலில் மாட்டினால் அதன் பாரத்தாற் கீல் தளரும். பெருங்காற்று அதைப் பற்றி அடிக்கும். பனிக்காலத்திலே வாயிலிற் குவியும் உறைபனி அதைத் திறக்க விடாது. ஆதலால் மேலே இரும்புத் தண்டவாளம் அமைத்து, உருளைகளிலே கதவைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் உருட்டினர். இது கமக்காரரின் கூர்மதிக்குச் சான்று. இடுக்குகளின் வழியே காற்றுப் போவது வைக்கோலுக்கு நல்லது, குதிரைக்கும் நல்லது. அதே கதவை இன்று குளியலறைக்கு மாட்டுகின்றனர். இருபுறமும் விரலளவு இடைவெளி; கீழேயும் இடைவெளி. ஓசையும் மணமும் தடையின்றி உலாவும். உள்ளே இருப்பவர் இருமினாற் கூடத்திலிருக்கும் விருந்தினர் நலம் விசாரிக்கலாம். குதிரைக்கு வெட்கமில்லை, மனிதனுக்கு உண்டு என்பதைக் கதவு செய்தோர் மறந்தனர் போலும்.

மேசைமீது அமர்ந்திருக்கும் கண்ணாடிச் சாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜோன் லாண்டிஸ் மேசன் என்னும் தகர வேலைக்காரர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, கழுத்திலே திருகுபுரி அமைந்த சாடிக்குக் காப்புரிமை பெற்றார். காற்றுப் புகாதபடி மூடியைத் திருகி இறுக்க முடிந்தமையாற் கோடையில் விளைந்த தக்காளியும் பீச்சுப் பழமும் பனிக்காலம் முழுவதும் கெடாதிருந்தன. நிலவறைத் தட்டிலே வரிசையாக நின்ற சாடிகளின் தொகையே அக்குடும்பம் வருகின்ற பங்குனி வரை பசியின்றி இருக்குமா என்பதைச் சொல்லியது. அதைக் கண்டுபிடித்த மேசன் அதனாற் செல்வம் சேர்த்தாரில்லை; 1902இல் வறியவராகவே இறந்தார். இன்று அச்சாடியிலே சவர்க்காரநீர் நிற்கிறது, மின்குமிழ் எரிகிறது, கலியாண வீடுகளிலே எலுமிச்சம்பழப் பானம் பரிமாறப்படுகிறது. திருகுபுரி உதட்டிலே உரசப் பானத்திற் பாதியைச் சட்டை பருகுகிறது. பழத்தைப் பாதுகாக்கும் வேலை ஒன்றைத் தவிர வேறெல்லா வேலையும் இப்போது அச்சாடிக்கு உண்டு.

மரத்தளபாடங்களின் நிலையோ மேலும் பரிதாபமானது. தச்சன் பட்டறையிலிருந்து புதிதாக வந்த மேசையைச் சங்கிலியால் அடித்துத் தழும்பாக்குகின்றனர். கூரிய ஆணியாற் குத்தி, உளுத்தது போன்ற துளைகளை உண்டாக்குகின்றனர். முதற் பூச்சின்மேல் இங்குமங்கும் மெழுகைத் தேய்த்து, அதன்மேல் வேறு நிறம் பூசி, காய்ந்தபின் மணற்கடதாசியால் உரோஞ்சுகின்றனர். மெழுகு பட்ட இடத்திலே பூச்சு உரிந்து, நூறாண்டு பழகிய பொருள்போல மேசை தோற்றமளிக்கும். மூன்று தலைமுறையினரின் முழங்கையும் பாத்திரமும் பட்டு மெல்ல மெல்ல உண்டாகும் தேய்வை ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கிறார்கள். நரையில்லாத தலைக்கு நரை பூசுவதே இதற்கு நிகர்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போன்றவை எழுத்துப் பலகைகள். உணவறையிலே "உண்" என்றும், கூடத்திலே "கூடு" என்றும், துணி துவைக்கும் அறையிலே "துவை" என்றும் பெரிய எழுத்துக்களிற் பொறித்த பலகைகள் தொங்கும். சில வீடுகளிலே "கமத்து வீடு" என்றே எழுதியிருக்கும். உண்மையான கமக்காரனுக்குத் தன் வீடு எதுவென்று அறிவிக்கும் பலகை வேண்டியிருந்ததில்லை. பசித்த பிள்ளைகளும் உணவறைக்கு வழி தவறியதில்லை.

இவ்வேடத்தை முதலிற் புனைந்தவர் அமெரிக்கர் என்று எண்ணிவிடலாகாது. பிரான்சு நாட்டு அரசியான மரி அந்துவனெத் 1783ஆம் ஆண்டளவில் வெர்சாய் மாளிகைத் தோட்டத்தின் ஒரு கோடியிலே சிறிய கிராமமொன்றை அமைப்பித்தார். ரிஷார் மிக் என்னும் கட்டடக் கலைஞர் அதை வகுத்தார். வைக்கோல் வேய்ந்த குடிசைகள், நீர்ச்சில்லுடன் கூடிய ஆலை, பால் பண்ணை, குளம் எல்லாம் எழுந்தன. புதிதாகக் கட்டிய சுவர்களிலே வெடிப்பும் உரிந்த சாந்தும் இருப்பதுபோலத் தோன்றுமாறு சித்திரகாரர் வண்ணம் தீட்டினர். உள்ளேயோ அரசிக்கேற்ற ஆடம்பரம். பாலைச் சுவைக்கும் மண்டபத்திலே சலவைக்கல் மேசைகள். ஆயினும் அரசியின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. துரேன் பகுதியிலிருந்து மெய்யான உழவர் குடும்பமொன்றை வரவழைத்துக் குடியிருத்தியதனால் அங்கே உண்மையான பசுக்கள் இருந்தன. மெய்யான முட்டை கிடைத்தது. அவ்வளவில் அவர் இன்றைய முட்டைப் பலகைக்காரரைவிட நேர்மையானவரே. ஆனால் வேலிக்கு வெளியே பிரான்சின் உழவர் வரிச்சுமையாலும் பாண் விலையாலும் வாடினர். 1789 ஒக்டோபரிலே பாரிசுப் பெண்கள் பாண் கேட்டு வெர்சாய்க்கு நடந்துவந்தபோது விளையாட்டுக் கிராமத்தின் கதை முடிந்தது.

சிரிப்பதற்கு இடந்தரும் இவ்விடயத்திலே சிந்திப்பதற்கும் இடமுண்டு. துணி துவைக்கும் அறையிலே, மின்சாரப் பொறிக்கு மேலே, நெளிவு நெளிவான தகடு பதித்த துவைபலகை ஒன்று அழகுக்காக மாட்டப்பட்டிருக்கும். அப்பலகை பயன்பட்ட காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டு சனாதிபதி றூஸ்வெல்ற் கிராம மின்சார நிருவாகத்தை நிறுவியபோது, அமெரிக்கக் கமத்து வீடுகள் பத்தில் ஏறக்குறைய ஒன்பதிலே மின்சாரம் இல்லை. கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் சுமந்து, விறகு எரித்துக் கொதிக்கவைத்து, கடுங்காரச் சவர்க்காரம் தோலை அரிக்க அரிக்க, அத்தகட்டிலே துணியைத் தேய்த்தனர் பெண்கள். மறுநாள் ஆறேழு இறாத்தல் நிறையுள்ள இரும்பை அடுப்பிற் சூடேற்றித் துணி அழுத்தினர். டெக்சாஸின் ஹில் கன்ட்ரி என்னும் மேட்டுநிலப் பகுதிக்கு 1939இலே மின்சாரம் வந்து சேர்ந்தது. அதன்பின் துவைபலகையைக் கொட்டில் மூலைக்கு அனுப்பிய பெண்கள் அதை நினைத்து ஏங்கியிரார். அவர்கள் முதுகை வளைத்த கருவி இன்று சுவரிலே புன்னகை செய்கிறது. அந்த இரும்பு புத்தகங்கள் சரியாமலிருக்க அண்டை கொடுக்கிறது.

இன்னுமொரு பொருள் மேலும் கூர்மையாகத் தைப்பது. வெடித்த பருத்திக் காய்களோடு கூடிய உலர்ந்த கொம்புகளைச் சாடியிலே செருகி வைப்பது இப்பாணியின் ஓர் அலங்காரம். தென்மாநிலங்களிலே 1865ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழியும்வரை அப்பருத்தியைப் பறித்தவர்களிற் பெரும்பாலார் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின மக்கள். அதன்பின்னரும் அவர்களின் பிள்ளைகள் வாரக்குடிகளாகக் கடனில் மூழ்கி அதே வயல்களிற் பறித்தனர். காயின் கூரிய முனைகள் அவர்களுடைய விரல்களைக் கிழித்தன. 2017இலே நாஷ்வில் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைவர் கறுப்பின மாணவரை விருந்துக்கு அழைத்தபோது மேசைகளின் நடுவே பருத்திக் கொம்புகள் வைக்கப்பட்டிருந்தன. மாணவர் மனம் புண்பட்டனர். தலைவர் மன்னிப்புக் கேட்டார். அலங்கரித்தவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. அது யார் கையிலிருந்து வந்த பொருள் என்ற கேள்வி எழாததுதான் குறை. வேக்கோ நகரமும் பருத்தி வாணிபத்தாலே செழித்த நகரமே என்பது நினைவிற்குரியது.

அப்படியானால் இந்த ஏக்கம் எங்கிருந்து பிறக்கிறது? 1935ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஏறக்குறைய 68 இலட்சம் கமங்கள் இருந்தன. 2022ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலே அத்தொகை 19 இலட்சமாகக் குறைந்திருந்தது. உழவு இயந்திரம் வந்தது. சிறு கமங்கள் பெருங்கமங்களுக்குள்ளே மறைந்தன. கடன் பலரை நிலத்திலிருந்து பெயர்த்தது. பிள்ளைகள் நகரத்திற்குப் போயினர். கமம் அருகிய வேகத்திலே கமத்து வீட்டுப் பொருள்களின் விலை ஏறியது. இழந்த ஒன்றின் நிழலையாவது வீட்டுக்குள் வைத்திருக்க மனிதன் விரும்புவது இயல்பே. கணினித்திரையைப் பார்த்துக் களைத்துத் திரும்புபவருக்குச் சொரசொரப்பான மரமும் பழைய இரும்பும் ஆறுதல் தருவதைக் குறைகூற வேண்டியதில்லை. மூதாதையரின் பாற்குடத்தைப் பேணுபவரும் நகைப்புக்குரியவரல்லர். உழைக்காத உழைப்பின் தழும்பை விலைக்கு வாங்கி, அதனையே தமது மரபென்று காட்டுவதுதான் நகைப்பை விளைக்கிறது.

இக்காற்று ஒரு நாட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையிலும் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளிலே வண்டிச் சில்லு மதிலிற் சாய்ந்து நிற்பதையும், உரலிலே பூச்செடி வளர்வதையும் காணலாம். அதேவேளை கொக்கலையிலுள்ள மார்ட்டின் விக்கிரமசிங்க நாட்டார் கலை நூதனசாலையிலே கமக்காரரின் கருவிகளும் சமையற் பாத்திரங்களும் வண்டிகளும் அவற்றைக் கையாண்டோரின் வாழ்வை விளக்கும் பொருட்டே பேணப்படுகின்றன. ஒன்றிலே பொருள் வெறும் அழகு. மற்றொன்றிலே அது சாட்சி.

வீட்டிலே பழைய பொருளொன்றை வைக்க விரும்புவோர் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பார்த்து, "இது எதற்கு உதவியது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் விடை சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். அதனாலே யார் வயிறு நிறைந்தது, யார் கை காய்த்தது என்று சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்விடையைச் சொல்லத் தெரிந்த வீட்டிலே மேசையைச் சங்கிலியால் அடிக்கும் வேலை மிச்சம். பலகையில் எழுதி மாட்டும் செலவும் மிச்சம்.