தோட்டா செய்ற ஹாபி ஏன் இவ்ளோ காஸ்ட்லி ஆச்சு?

இன்னைக்குக் கதை பருத்திக்கொட்டையில ஆரம்பிக்குது. மதுரைப் பக்கம் போனவங்க பருத்திப்பால் குடிச்சிருப்பீங்க. அந்தக் கொட்டையைக் கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா? ஜின்னிங்ல நீளமான பஞ்சை எல்லாம் உருவின பிறகும், கொட்டை மேல குட்டையா ஒரு பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேரு லின்ட்டர். நூல் நூற்க அது ஆகாது. ஆனா அமெரிக்காவுல ஒருத்தர் வீட்டு கராஜ்ல உட்கார்ந்து பண்ற ஒரு ஹாபியோட விலை ஏறினதுக்கு இந்தக் குட்டைப் பஞ்சும் ஒரு காரணம்.

அந்த ஹாபி பேரு ரீலோடிங். துப்பாக்கியில சுட்டு முடிச்ச தோட்டாவோட காலிக் கூட்டை எடுத்து, மறுபடியும் நிரப்பித் தோட்டாவா ஆக்குறது. இந்தியாவுல ஆயுதச் சட்டம் 1959-ன்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கவே முடியாது. அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்குச் செய்ய ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல. டார்கெட் ஷூட்டிங் போறவங்க, மான் வேட்டைக்குப் போறவங்கன்னு நிறைய பேர் இதைப் பண்றாங்க. ரெண்டு காரணம் சொல்வாங்க: தன் துப்பாக்கிக்குத் தகுந்த மாதிரி துல்லியமா செஞ்சுக்கலாம், காசு மிச்சம். அந்த ரெண்டாவது காரணம்தான் 2020-க்கு அப்புறம் ஆட்டம் கண்டுச்சு.

ஒரு தோட்டாவுல நாலு பாகம். பித்தளைக் கூடு, முன்னாடி பறந்து போற குண்டு, உள்ளே மருந்து, அடியில ப்ரைமர். ப்ரைமர்ங்கிறது சட்டைப் பட்டனை விடச் சின்ன உலோகக் கிண்ணம். துப்பாக்கியோட ஊசி தட்டினதும் அதுல பொறி கிளம்பி மருந்தைப் பத்த வைக்கும். கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குண்டை ஈயம் உருக்கி வீட்டுலயே வார்க்கிறவங்களும் இருக்காங்க. ஆனா ப்ரைமரையும் மருந்தையும் கடையிலதான் வாங்கியாகணும். ஹாபியோட குடுமி அந்த ரெண்டு பொருள் கையில.

முதல்ல ப்ரைமர். 2020-க்கு முன்னாடி ஆயிரம் ப்ரைமர் கிட்டத்தட்ட 30, 35 டாலர். ஒண்ணு மூணு சென்ட்டுன்னு வெச்சுக்கோங்க. 2021-ல அதே பெட்டி ஆன்லைன் ஏலத்துல 100 டாலரைத் தாண்டி, சில சமயம் 200-ஐத் தொட்டுச்சு. கடைகள்ல "ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி"ன்னு போர்டு. பல கடைகள்ல அந்த ஒரு பெட்டியும் இல்ல.

அப்போ என்ன நடந்துச்சு? கொரோனா, ஊர் ஊரா போராட்டங்கள், தேர்தல் எல்லாம் ஒரே வருஷத்துல. துப்பாக்கித் தொழில் சங்கமான என்எஸ்எஸ்எஃப் கணக்குப்படி 2020-ல மட்டும் சுமார் 84 லட்சம் பேர் முதல் முறையா துப்பாக்கி வாங்கினாங்க. ஆளுக்கு 50 தோட்டா பெட்டி ரெண்டு வாங்கினாலே 84 கோடி தோட்டா. அதே நேரத்துல ரெமிங்டன் கம்பெனி திவாலாகி, 2020 ஜூலையில கோர்ட்டுக்குப் போச்சு. ஆர்கன்சால இருந்த அதோட தோட்டா தொழிற்சாலையை, தோட்டா வியாபாரத்தோட சேர்த்து, விஸ்டா அவுட்டோர் 8.14 கோடி டாலருக்கு வாங்கிச்சு. விஸ்டாகிட்ட ஏற்கெனவே ஃபெடரல், சிசிஐ ரெண்டும் இருந்துச்சு. ஆக, அமெரிக்காவுல ப்ரைமர் செய்ற நாலு பெரிய பிராண்டுல மூணு ஒரே கூரைக்குக் கீழ வந்துடுச்சு. வெளிய நின்னது வின்செஸ்டர் மட்டும்.

இங்கதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. ப்ரைமர் செய்ற கம்பெனிகளே முழுத் தோட்டாவும் செய்றாங்க. கையில இருக்கிறது கொஞ்சம் ப்ரைமர்தான்னா, அதை மூணு, நாலு சென்ட்டுக்குச் சில்லறையா விப்பீங்களா? இல்ல, உங்க தோட்டாவுல பொருத்தி அதைவிடப் பல மடங்கு விலைக்கு விப்பீங்களா? இட்லி மாவு பத்தாத நாள்ல எந்த ஓட்டல்காரரும் பக்கத்து வீட்டுக்கு மாவு கொடுக்க மாட்டார். தோட்டா செலவைக் குறைக்கத்தான் இந்த ஹாபிக்கு வந்தாங்க. பஞ்சம்னு வந்தப்போ தோட்டா வாங்குறவங்களுக்குப் பின்னாடி, வரிசையோட கடைசியில நின்னது இவங்கதான். "கம்பெனி பதுக்குது"ன்னு வதந்தி பரவி, கடைசியில ஃபெடரலோட தலைவர் ஜேசன் வாண்டர்பிரிங்க் வீடியோவுல வந்து, நாங்க எதையும் பதுக்கல, முழு வேகத்துல ஓட்டிட்டிருக்கோம்னு விளக்கம் சொல்ற அளவுக்குப் போச்சு.

சரி, புதுசா ஒரு ஃபேக்டரி போட்டா என்ன? ப்ரைமர் கலவை லேசான தட்டலுக்கே வெடிக்கிற சமாச்சாரம். அனுபவம் உள்ள ஆட்கள் வேணும், அனுமதிகள் வேணும், பல வருஷம் ஆகும். அதோட இந்தத் தொழில்காரங்களுக்குப் பழைய சூடு ஞாபகம் இருக்கு. 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம், தடைச்சட்டம் வந்துடுமோன்னு 2013 முழுக்க ஜனங்க வாங்கிக் குவிச்சாங்க. 2016-ல டிரம்ப் ஜெயிச்சதும் அந்தப் பயம் போயி விற்பனை சரிஞ்சுது. ரெமிங்டன் 2018-லயே ஒரு தடவை திவால் மனு போட்டாச்சு. அதனால டிமாண்ட் உச்சத்துல இருக்கும்போது முதலீடு போட எல்லாருக்கும் தயக்கம்.

2023 வாக்குல ப்ரைமர் மெதுவா அலமாரிக்குத் திரும்பிச்சு. பழைய விலை மட்டும் திரும்பல. அந்த நேரம் பார்த்து மருந்து முறுக்கிக்கிச்சு. இப்போ நம்ம பஞ்சுக்கு வருவோம். புகையில்லா மருந்தோட அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதைப் பஞ்சுல இருந்தும் மரக்கூழ்ல இருந்தும் எடுக்கலாம். லின்ட்டர் ரொம்ப வசதி, கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். பீரங்கிக் குண்டைத் தள்ளுற மருந்துக்கும் இதேதான் அடிப்படை. உக்ரைன் போருக்கு முன்னாடி அமெரிக்கா மாசத்துக்குச் சுமார் 14,000 எண்ணிக்கை 155 மிமீ குண்டு செஞ்சுது. போர் வந்ததும் வெச்ச இலக்கு மாசம் ஒரு லட்சம். ஒவ்வொரு குண்டுக்கும் கிலோக்கணக்குல மருந்து. ஐரோப்பாவுலயும் இதே ஓட்டம். 2024 மார்ச்ல ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெட்டன், சீனாவுல இருந்து வந்துட்டிருந்த லின்ட்டர் சில மாசமா நின்னுபோச்சுன்னு வெளிப்படையா சொன்னார். வெடிமருந்துக்கு உலகளவுல தட்டுப்பாடு வரப்போகுதுன்னு காரணம் சொல்லி, விஸ்டா 2024 ஜனவரியில இருந்து மருந்து விலையை ஏத்திச்சு.

இது எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்கல. ஒரு பவுண்டு மருந்துல 7,000 கிரெயின். ஒரு பிஸ்டல் தோட்டாவுக்குச் சில கிரெயின்தான், அதனால ஒரு பவுண்டுக்கு ஆயிரத்துக்கு மேல செய்யலாம். 40 கிரெயின் பிடிக்கிற ஒரு ரைஃபிள் தோட்டான்னா 175 தான். மருந்து பவுண்டு 30 டாலர்ல இருந்து 50 ஆனா, பிஸ்டல்காரருக்குத் தோட்டாவுக்கு ரெண்டு சென்ட்டுதான் கூடும், ரைஃபிள்காரருக்கு 11 சென்ட். ஆன்லைன்ல வாங்கினா ஆபத்தான சரக்குக் கட்டணம்னு தனியா 20 டாலருக்கு மேல. ஒரு பவுண்டு வாங்குறவருக்கு அது பெரிய அடி. அதனால மொத்தமா வாங்க முடிஞ்சவங்க வாங்கிக் குவிக்கிறாங்க, மத்தவங்களுக்குக் கடை காலி.

குவிக்கிறதுலயும் ஒரு சிக்கல். என்எஃப்பிஏ 495-ங்கிற தீத் தடுப்பு விதியில, வீட்டுல வெச்சுக்க ப்ரைமர் 10,000 வரைன்னும், சாதாரணமா மருந்து 20 பவுண்டு வரைன்னும் வரம்பு இருக்கு. பஞ்ச காலத்துல அந்த வரம்பு எத்தனை கராஜ்ல தாங்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா, விலையை விடக் கவலைப்பட வேண்டியது இன்னொண்ணு. சமையல்ல சோம்பு இல்லன்னா சீரகம் போட்டுச் சமாளிக்கலாம். இங்க அது நடக்காது. ஒவ்வொரு மருந்தும் எரியுற வேகம் வேற, ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி சோதிச்சு வெளியிட்ட தனி அளவு. ஹாட்ஜ்டன் கம்பெனி எச்4350-ன்னு ஒண்ணும் ஐஎம்ஆர் 4350-ன்னு ஒண்ணும் விக்குது. பேரு ஒரே மாதிரி, கம்பெனியும் ஒண்ணுதான், ஆனா ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்குப் போடக்கூடாது. எச்4350 ஆஸ்திரேலியாவுல தயாராகி வருது, பல தடவை கிடைக்கவே கிடைக்காது. எதிர்பார்த்தது இல்லாதப்போ "கிட்டத்தட்ட அதேதான்"னு ஒரு டப்பாவை எடுக்கிற கை இருக்கு பாருங்க, அங்கதான் துப்பாக்கி முகத்துக்குப் பக்கத்துலயே வெடிக்கிற வாய்ப்பு. அனுபவசாலிகள் லேபிள் இல்லாத மருந்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொட மாட்டாங்க.

கடைசியா ஒரு தகவல். 2024 நவம்பர்ல விஸ்டா தன்னோட தோட்டா வியாபாரத்தை விட்டுச்சு. ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் தோட்டா எல்லாம் சேர்த்து 222.5 கோடி டாலர். வாங்கினது செக் நாட்டு சிஎஸ்ஜி குழுமம். அவங்களோட பெரிய வியாபாரம் என்ன தெரியுமா? பீரங்கிக் குண்டு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.