கொடுத்த குருதியில் கிருமி வளராதிருக்க

குருதிக் கொடை என்றதும் சிவப்பு நிறப் பை ஒன்றுதான் எமது மனக்கண் முன் வருகின்றது. ஆனால் நாம் கொடுக்கும் குருதி பெரும்பாலும் அப்படியே நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. செங்குழியங்கள், பிளாஸ்மா எனும் திரவப்பகுதி, சிறுதட்டுக்கள் எனப் பிரிக்கப்பட்டு, எது எவருக்குத் தேவையோ அது அவருக்குச் செல்கின்றது.

இவற்றுள் சிறுதட்டுக்களின் வேலை, குருதி உறைந்து பெருக்கு நிற்பதற்கு உதவுவதாகும். புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுவோரின் உடலில் இவை மிகவும் குறைந்துவிடுவதுண்டு. அவர்களுக்கு ஒரு பை சிறுதட்டு உயிர்காக்கும் கொடையாகும்.

குளிரில் வைக்க முடியாத கொடை

செங்குழியங்களைக் குளிரூட்டியில் ஐந்து வாரம்வரை வைத்திருக்கலாம். பிளாஸ்மாவை உறையவைக்கலாம். சிறுதட்டுக்களை அவ்வாறு குளிரில் வைத்தால், நோயாளியின் உடலில் அவை நெடுநேரம் தங்குவதில்லை. ஆகவே 20 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இடைவிடாது அசைத்தபடி வைத்திருக்கின்றனர். வழமையான ஆயுள் ஐந்து நாட்களே.

வெளியே வைத்த பால் விரைவில் கெடும் என்பதை நாம் அறிவோம். இங்கும் அதே ஆபத்துத்தான். ஊசி குத்தும்போது தோலிலுள்ள பற்றீரியாக்கள் ஒருசில பைக்குள் சென்றுவிட்டால், ஓரிரு நாட்களில் கோடிக்கணக்காகப் பெருகலாம். கொடையாளியின் குருதியிலேயே கிருமி மறைந்திருப்பதுமுண்டு. வீட்டில் பாம்பு வளர்த்த கொடையாளி ஒருவரின் சிறுதட்டுக்கள் மூலம் சல்மொனெல்லாக் கிருமி தொற்றிய சம்பவமொன்று 2002ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது.

இத்தகைய பையை ஏற்றினால் நடுக்கம், கடுங்காய்ச்சல், குருதியமுக்க வீழ்ச்சி ஏற்பட்டு மரணமும் நேரலாம். பெறுபவரோ, பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர். அவரது காய்ச்சலை நோயின் விளைவென்று எண்ணிவிடவும் இடமுண்டு.

பரிசோதனை எவ்வாறு?

ஐக்கிய அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு முதல் குருதி வங்கிகளின் தர விதிகள் இதற்கான சோதனையை வற்புறுத்தின. இங்கிலாந்தில் 2011இல் இது ஆரம்பமானது. குருதி எடுத்தவுடன் சோதித்தால், சிலவேயான கிருமிகள் மாதிரிக்குள் அகப்படாமற் போகலாம். எனவே 36 மணித்தியாலங்களாவது பொறுத்திருந்து மாதிரி எடுக்கின்றனர். அதை ஊட்டப்பொருளுள்ள போத்தல்களில் இட்டு, உடல் வெப்பத்தில் வைக்கின்றனர். கிருமி வளர்ந்தால் காபனீரொட்சைட்டு வெளியாகும், போத்தலின் அடியிலுள்ள உணரி நிறம் மாறும், இயந்திரம் எச்சரிக்கும். இச்சோதனையால் அங்கு சிறுதட்டுக்களின் ஆயுளை ஏழு நாட்களாக நீடிக்கவும் முடிந்தது. சுவிற்சர்லாந்து 2011 முதல், மருந்தும் புறஊதாக் கதிரும் கொண்டு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறையைக் கையாள்கின்றது.

எனினும் எந்தச் சோதனையும் முழுமையானதன்று. மெதுவாக வளரும் கிருமிகள் தப்பிவிடுவதுண்டு.

எமது பங்கு

ஆகவே பாதுகாப்பு ஆய்வுகூடத்தில் அல்ல, எமது கையிலேயே ஆரம்பமாகின்றது. தாதி கையை மருந்திட்டுத் துடைத்து, அது உலரும்வரை காத்திருப்பது வீண் தாமதமன்று. சுத்தம் செய்த இடத்தை மீண்டும் தொடாதிருப்போம். முதலில் வரும் சிறிதளவு குருதியைத் தனிச் சிறுபையில் பிடிப்பதும், தோலிலிருந்து வரும் கிருமிகளை ஒதுக்குவதற்கே.

அண்மையில் காய்ச்சல், வயிற்றோட்டம், ஆறாத புண், பல் பிடுங்கல் ஏதும் இருந்தால் வெட்கப்படாமல் சொல்வோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று மறைப்பது கொடையன்று. கொடுத்துவிட்டு வீடு திரும்பியபின் காய்ச்சல் கண்டாலும் உடனே குருதி வங்கிக்கு அறிவிப்போம். அந்தப் பை இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம். எமது ஒரு வார்த்தை, நாம் காணாத ஒருவரின் உயிரைக் காப்பாற்றும்.