விண்ணப்பப் பக்கம் யாருக்குத் திறக்கிறது?

மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்று கல்லூரியில் சேர்ந்த இளம் அம்பேத்கரின் படிப்புச் செலவை அவருடைய தந்தையால் தொடர்ந்து தாங்க முடியவில்லை. அப்போது அவரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றவர் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையோடு அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். நிதி இருந்தது, தகுதியுள்ள மாணவர் இருந்தார், இரண்டையும் இணைக்க வழி அறிந்த ஒருவரும் இருந்தார்.

ஆய்வுக்கு நிதி வழங்கும் இலாப நோக்கற்ற அறக்கட்டளைகளுக்கு இன்று இணையத்தளமே வாசல். குடும்பத்திலோ துறையிலோ வழிகாட்ட ஆளுள்ளவர், தளத்தில் இல்லாத செய்தியையும் கேட்டறிந்துகொள்வார். முதல் தலைமுறை ஆய்வாளருக்கோ தளம் சொல்வதே முழுச் செய்தி. ஆகவே, தளத்தின் குறை எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. அக்குறைகளைக் கண்டறியும் தணிக்கையை மாணவர் குழுக்களே செய்யலாம் என்பது நம் கருத்து.

முதற்படி, மனிதர்களைக் கொண்டு சோதிப்பது. தளத்தை முன்பு பார்த்திராத ஐவரிடம் ஒரு சாதாரணக் கைப்பேசியைக் கொடுத்து ஐந்து கேள்விகளுக்கு விடை தேடச் சொல்வோம். எனக்குத் தகுதி உண்டா? தொகை எவ்வளவு? கடைசி நாள் எது? ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது? முடிவெடுப்பவர் யார்? அவர்கள் தேடும்போது நாம் உதவாமல், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

அடுத்தது, பக்கங்களைக் கணக்கெடுப்பது. ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் அட்டவணையில் இட்டு, கடைசியாகத் திருத்தப்பட்ட நாள், செயலற்ற இணைப்புகள், காலாவதியான அறிவிப்புகள் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். முடிந்துபோன அழைப்பு 'முடிந்தது' என்ற குறிப்பின்றி நின்றால், அதை நம்பிச் சான்றிதழ்களுக்கு அலைபவரின் நாட்களும் பணமும் வீணாகும்.

மூன்றாவது, அணுகல்தன்மை. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்னும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் இதற்கு அளவுகோல் தருகின்றன. அவற்றின் இடைநிலைத் தரப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருத்தல் வேண்டும். விதிமுறைகளை ஸ்கேன் செய்து படமாக மட்டும் ஏற்றினால், பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள் அதை நம்பகமாகப் படிக்க இயலாது; கைப்பேசியில் படிப்போருக்கும் அது தொல்லையே.

நான்காவது, சொற்களுக்குள் மறைந்திருக்கும் தடைகள். 'புகழ்பெற்ற அறிஞர் இருவரின் பரிந்துரை' என்ற நிபந்தனை, அத்தகைய அறிமுகம் உள்ளவரையே அழைக்கிறது. முதலில் செலவழித்து, ரசீது காட்டிப் பின்னர் பெற்றுக்கொள்ளும் முறை, கையில் பணம் இல்லாதவரை வெளியே நிறுத்துகிறது. இவை தளத்தில் தெளிவாக எழுதப்பட்டால்தான் கேள்விக்கு உள்ளாகும். சாதிச் சான்றிதழ் கேட்கும் இடத்திலேயே, அதை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

ஐந்தாவது, வெளிப்படைத்தன்மை. பிரிட்டனில் 360கிவிங் என்னும் அமைப்பு, நிதி வழங்குவோர் தம் நல்கை விவரங்களைப் பொதுவான வடிவில் வெளியிட வழிவகுத்துள்ளது. இங்குள்ள அறக்கட்டளைகளும் ஆண்டு, நிறுவனம், தலைப்பு, தொகை ஆகியவற்றைத் தரவிறக்கத்தக்க அட்டவணையாக வெளியிட வேண்டும். விண்ணப்பித்தோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர் என்பதைச் சமூகப் பிரிவு வாரியாகவும் தர வேண்டும். ஆனால் தனிநபரின் சாதி வெளிப்படாதவாறு, கூட்டுத்தொகை மட்டுமே அமைதல் வேண்டும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால், பல ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டலாம்.

கண்டவற்றை மூன்றாகப் பிரித்து நிறுவனத்திற்கு அனுப்புவோம்: விண்ணப்பிக்கவே விடாதவை, தவறாக வழிநடத்துபவை, சிரமம் தருபவை. ஒவ்வொன்றுக்கும் திருத்தத்தையும் நாமே எழுதித் தரலாம். கடைசி நாளையும் தகுதியையும் முதற்பக்கத்தில் இடுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளோடு, தளத்தைப் பார்த்திராத வேறு ஐவரைக் கொண்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

தளம் சீரானதால் தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்போர் மாறிவிடமாட்டார்கள். அதற்கான போராட்டம் தனியே தொடர வேண்டும். எனினும், 'தகுதியானவர்கள் விண்ணப்பிக்கவில்லை' என்ற பழைய பதிலைச் சொல்லும் நிறுவனத்திடம், அவர்கள் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று நம்மால் சான்றோடு காட்ட முடியும். கேளுஸ்கர் போன்ற ஓர் ஆசிரியர் வாய்க்காத மாணவருக்கும் வாசல் தெரிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.