ஊரே பள்ளிக்கூடம் – 7: எட்டு வயது வாத்தியார்

ஒருநாள் காலை, சென்னையில் குதிரையேறிப் போய்க்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் ஒரு பள்ளிக்கூடத்தின் முன் நின்றுவிட்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் முன்னோர் ஆனா ஆவன்னா படித்தது இப்படித்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்தப் பாதிரியாருக்கோ அது புதிய காட்சி.

1789-ல் எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆதரவில்லப் பள்ளி அவர் பொறுப்புக்கு வந்திருந்தது. மணல் முறையை அங்கே கொண்டுவரச் சொன்னார். இது நடக்காத காரியம் என்று உதவியாசிரியர்கள் கைவிரித்தார்கள். பெல் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடமே கொடுத்துவிட்டார். ஒரு சிப்பாயின் மகன், வயது எட்டு.

ஓரம் கட்டிய பலகையில் காய்ந்த மணல். முதலில் ஓர் எழுத்தைக் கீறிக் காட்ட வேண்டும். அந்தத் தடத்தின் மேலேயே பிள்ளை திரும்பத் திரும்ப விரலை ஓட்டும். பிறகு மணலைச் சமன்படுத்திவிட்டால், அடுத்த முறை பார்க்காமல் எழுத வேண்டும். தாளும் மையும் வேண்டாம். தப்பாக எழுதினாலும் தடம் இருக்காது. நேற்றுத்தான் அந்த எழுத்தோடு மல்லுக்கட்டிய பையனுக்கு, இன்று கற்பவன் எங்கே தடுக்குவான் என்பது நன்றாகவே தெரியும். பெரியவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளைதான். முன்னேறியவர்கள் பின்தங்கியவர்களுக்குக் கற்பிக்கும் இந்தச் சிக்கனமான ஏற்பாட்டை, 1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் தம் அறிக்கையில் வெகுவாகப் பாராட்டினார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றார்.

இங்கிலாந்து உண்மையிலேயே பின்பற்றியது. 1797-ல் பெல் தம் சோதனையைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். ஆனால் கப்பலேறியது பாதிதான். திண்ணைப் பள்ளி ஊர்க்காரர்களின் நெல்லிலும் காசிலும் நடந்தது. வாத்தியார் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சீமையிலோ ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை அடைத்து, குறைந்த செலவில் படிக்கவைக்கும் வழியாக அந்த முறை சுருங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட அவசியமில்லை என்று பெல்லே எழுதினார். படிக்கும்போது மனம் கசக்கிறது.

திண்ணையையும் தலையில் தூக்கிவைக்க முடியாது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கெடுப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பெண் பிள்ளைகள் 5,000-கூட இல்லை. திண்ணையில் ஏறவே சாதி விடாத பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த ஊருக்குள் அவர்களுடைய ஊர் சேரவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, பக்கத்து வீடே மறுபடி வகுப்பறையானது. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பாக இருந்தது. கற்பித்தவர்கள் அதே தெருவின் படித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. செய்த வேலைக்கு அது மிகக் குறைவு.

பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோர் தமிழக கிராமங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளின் பலன். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள்.

அந்த மாலை வகுப்புகளில் ஒரே அக்காவைச் சுற்றி பல வகுப்புப் பிள்ளைகள். அவர் ஐந்தாம் வகுப்புக்காரர்களுக்கு வகுத்தல் போட்டுக்காட்டும் நேரத்தில், சிலேட்டில் ‘ஞ’ எழுதத் திணறும் குட்டியின் விரலைப் பிடித்து வளைத்துவிடுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுமி. அவளை யாரும் நியமிக்கவில்லை.