முக்கால் மணி நேரம் எழுது… மணி அடித்ததும் அழி! கம்ப்யூட்டர் கற்போரின் விசித்திர வகுப்பு

இரண்டு பேர். ஒரே கம்ப்யூட்டர். முக்கால் மணி நேரமாக மூளையைக் கசக்கி புரோகிராம் எழுதுகிறார்கள். பாதிக்குமேல் வந்தாச்சு. இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்தால் முடித்துவிடலாம்.

டாண்! நேரம் முடிந்தது.

"எல்லாவற்றையும் அழியுங்கள்" என்கிறார் வகுப்பை நடத்துபவர்.

அவ்வளவுதான். எழுதியது பூராவும் காலி! ஓரமாக ஒளித்து வைக்கவும் கூடாது. ஜோடி மாறி உட்கார்ந்து, அதே கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் இப்படி ஐந்து, ஆறு தடவை!

கிறுக்குத்தனமா? இல்லை. "கோட் ரிட்ரீட்" என்று இதற்குப் பெயர். புதிதாகப் புரோகிராம் எழுத வந்தவர்களும், அதிலேயே தலை நரைத்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு நாள் வகுப்பு. உலகத்தில் பல ஊர்களில் நடக்கிறது.

நாலு பேர் போட்ட திட்டம்

2009 ஜனவரி. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் மாநாடு. அங்கே கோரி ஹெய்ன்ஸ், கேரி பெர்ன்ஹார்ட், பாட்ரிக் வெல்ஷ், நயன் ஹஜ்ரத்வாலா ஆகிய நாலு பேர் கூடிப் பேசியதில் பிறந்தது இந்த யோசனை. அதே மாதம் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரில் முதல் வகுப்பு நடந்தது.

கோரி ஹெய்ன்ஸ் ஒரு தனி ரகம். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று ஊர் ஊராகப் போய், அங்குள்ள புரோகிராமர்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதியவர். அவர்தான் இந்த வகுப்பைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார். 2011 முதல் வருஷத்துக்கு ஒரு நாள், உலகம் முழுக்க ஒரே சமயத்தில் நடத்தும் வழக்கமும் வந்தது.

விஷயம் இதுதான். பாட்டுக்காரர் கச்சேரிக்கு முன்னால் வீட்டில் சாதகம் பண்ணுகிறார். கிரிக்கெட் ஆட்டக்காரர் வலையில் பந்தடித்துப் பழகுகிறார். புரோகிராம் எழுதுகிறவருக்கு மட்டும் ஒத்திகை கிடையாது. ஆபீசில் எழுதுவதெல்லாம் நேரே மேடைக்குத்தான்! தப்பு வந்தால் திட்டு. தாமதமானால் இன்னும் திட்டு. புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ இதற்குப் பயந்தே, ஓடுகிற புரோகிராமைக் கிட்டே போய்த் தொடமாட்டார்கள். யாரோ எழுதியதைக் காப்பியடித்து ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

தனிமையில் சாவு… நெரிசலில் சாவு!

அந்த நாள் முழுக்கக் கொடுப்பது ஒரே கணக்குத்தான். பெயர் "கேம் ஆப் லைப்". உயிர் விளையாட்டு! இங்கிலாந்துக் கணித மேதை ஜான் கான்வே கண்டுபிடித்தது. 1970 அக்டோபரில் "சயின்டிபிக் அமெரிக்கன்" பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் எழுதியபிறகு உலகப் பிரசித்தி. கான்வே 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியானார். விளையாட்டு சாகவில்லை.

கட்டம் போட்ட காகிதம்தான் ஊர். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. வீட்டில் ஆள் இருப்பார், அல்லது காலி. சுற்றிலும் மூலை உட்பட எட்டு வீடுகள் அக்கம்பக்கம்.

சட்டம் நாலே நாலு. அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆள் தனிமையில் சாவார். மூன்று பேருக்கு மேல் போனால் நெரிசலில் சாவார். இரண்டோ மூன்றோ இருந்தால் பிழைப்பார். காலி வீட்டைச் சுற்றி சரியாக மூன்று பேர் இருந்தால், அங்கே புது ஆள் பிறப்பார்.

பையனின் கணக்கு நோட்டை எடுத்து இன்று ராத்திரியே போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் படுக்கை வரிசையாக மூன்று புளியங்கொட்டை வையுங்கள். நடு ஆளுக்கு இரண்டு பேர் துணை. பிழைப்பார். இரண்டு கோடியிலும் இருப்பவருக்கு ஒரே ஒரு ஆள்தான் துணை. இருவரும் காலி. நடு வீட்டுக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் காலி வீடுகளுக்கு மூன்று பேர் அக்கம்பக்கம். இரண்டிலும் பிறப்பு! படுத்திருந்த வரிசை நிமிர்ந்து நிற்கும். அடுத்த சுற்றில் மறுபடி படுக்கும்.

புதியவர் விழும் பள்ளம்

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதா? புதியவர்கள் தலைகுப்புற விழும் இடம் இதுதான்.

மேல் வரிசையில் ஆரம்பித்து ஒவ்வொரு வீடாகப் பார்த்து, அங்கேயே தீர்ப்பை எழுதிக்கொண்டு போவார்கள். நடு வீட்டுக்கு மேலே புது ஆள் பிறந்தாச்சு. அடுத்து இடது கோடி ஆளைப் பார்த்தால், பிறந்த குழந்தையும் அவருக்கு அக்கம்பக்கக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. துணை இரண்டு! சாகவேண்டியவர் தப்பித்துவிட்டார். இன்னொரு பக்கம் பிறக்கக்கூடாத ஆள் பிறக்கிறார். ஊரே குழப்பம்!

பழைய கணக்கை வைத்து எல்லாருக்கும் ஒரே மணியில் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் மறந்துபோகும். பள்ளத்தில் விழுந்து, பக்கத்து ஆளோடு சேர்ந்து துப்புத் துலக்கிக் கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் மறக்காது. அதற்குத்தான் அழிப்பு. முதல் தடவை விழுகிறார்கள். இரண்டாம் தடவை பள்ளம் தெரிகிறது. மூன்றாம் தடவை வேறு பாதையே போடுகிறார்கள்.

டிரைவரும் கண்டக்டரும்

ஜோடி வேலை எப்படி? டவுன் பஸ் மாதிரிதான். ஒருவர் கையில் கீ போர்டு. மற்றவர் முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அடிக்கடி இடம் மாறிக்கொள்வார்கள். இருபது வருஷம் அனுபவம் உள்ளவரும் சில நேரம் வழி சொல்லும் இடத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் சின்னதாக ஒரு சோதனை எழுதுகிறார்கள். "துணையில்லாத ஆள் சாகிறாரா?" என்பது போல. ஓட்டினால் சிவப்பு. இன்னும் விடை எழுதவில்லையே! சிவப்பு பச்சையாக எவ்வளவு தேவையோ அவ்வளவே எழுதுகிறார்கள். பச்சை விழுந்ததும் குப்பையைக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள். அப்புறம் அடுத்த சோதனை. ஒருவர் சோதனை எழுத, மற்றவர் விடை எழுத, பந்து மாறி மாறிப் போகும். சிவப்பைப் பார்த்து அலறும் பழக்கம் மத்தியானத்துக்குள் ஓடிப்போகிறது.

நடுவில் நல்ல சாப்பாடு. பிறகு குறும்பு நிபந்தனைகள் வரும். ஒரு சுற்றில் வாய் திறக்கக்கூடாது. எழுதியே புரியவைக்க வேண்டும். இன்னொரு சுற்றில் எந்தத் துண்டும் நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. வேறொன்றில் "இப்படியானால் அப்படி" என்ற வரியே போடக்கூடாது!

கணக்கு முடியவில்லையே?

முடியவேண்டாம். முடிப்பதற்கு வைத்த கணக்கே அல்ல. எப்படியும் அழியப் போகிறது என்று தெரிந்தபிறகு பயம் எதற்கு? துணிந்து புது வழி பார்க்கலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வரிகூட எழுதாதவர் இங்கே போனால் திண்டாட்டம். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மொழியில் அரிச்சுவடியாவது தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் வேலை வாங்கித் தரும் மந்திரமும் இதில் இல்லை.

"ஏ.ஐ. வந்தாச்சு. கேட்டால் சில விநாடியில் இந்த விளையாட்டை எழுதித் தருகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. தருகிறது. சாகவேண்டியவர் பிழைத்திருக்கிறாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது யார்? மனிதர்தான். பள்ளத்தைப் பார்த்திராதவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

சாயங்காலம் எல்லாரும் வட்டமாக நிற்கிறார்கள். மூன்றே கேள்வி. இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள்? எது ஆச்சரியமாக இருந்தது? இனிமேல் எதை வேறு மாதிரி செய்யப் போகிறீர்கள்?

வகுப்பு பெரும்பாலும் சனிக்கிழமை. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வரி புரோகிராம்கூட மிச்சமில்லை. திங்கட்கிழமை காலை ஆபீசில் கம்ப்யூட்டர் சிவப்பு காட்டும்போது, அலறாமல் பக்கத்து நாற்காலியைத் திருப்பி "கொஞ்சம் சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டால், அந்த ஒரு நாள் வீண்போகவில்லை!